மூன்றாம் ஓலை

ஜெயமணி ஜெபத்தில் ஒரு வரியை விழுங்குகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சென்னம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் சுவர் ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அத்தோடு போதும் என்று நின்றுவிடும். அதற்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் காற்று. அந்த வழியாக அடுத்த வீட்டுத் தாளிப்பு வரும், இருமல் வரும், சண்டை வரும், ஏசுசாமியும் வருவார். கேட்காதே என்றால் காதைக் கழற்றி எங்கே வைப்பது?

சாயங்காலம் ஜெயமணியின் புருஷன் தங்கதுரை வேலை முடிந்து வந்து கால் கழுவியதும் பாய் விரிப்பார்கள். பாட்டு, அப்புறம் ஜெபம். அவர் குரல் தவில். இவள் குரல் அலுமினியத் தட்டு. தினமும் கேட்டுக் கேட்டு, சிவராத்திரிக்கு மலையேறுகிற எனக்கே அந்த ஜெபம் மனப்பாடம். நடுவில் ஓர் இடம் வரும். எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், அதேபோல நீர் எங்களை மன்னியும் என்கிற மாதிரி. அந்த இடத்தில் தவில் மட்டும் கேட்கும். தட்டு நின்றுவிடும். ஒரு ஸ்டாப்பில் நிற்காமல் போன டவுன் பஸ் மாதிரி அடுத்த வரியில் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் வீட்டு ரோஷன் பீயிடம் சொன்னேன்.

"எச்சில் முழுங்கியிருப்பாங்கக்கா."

"ஒரு நாளு முழுங்கலாம். தெனம் அதே எடத்துலயா எச்சில் ஊறும்?"

"அவங்க சாமி கும்புடறதுல போயி நீ எதுக்குக்கா நெட்டு போல்ட்டு எண்ணிக்கினு இருக்கற?"

அப்படிச் சொன்னவள்தான் அன்று சாயங்காலம் சரியாக அந்த நேரத்துக்குக் கறிவேப்பிலை கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். கறிவேப்பிலையைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த இடம் வரும்வரை போகாமல் நின்றாள். வந்தது. தட்டு நின்றது. ரோஷன் பீ புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

யாரை மன்னிக்க முடியாமல் வாய் மூடுகிறது என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய கூடப்பிறந்த தம்பி செல்வினை.

இவர்கள் நாசரேத் பக்கத்துக்காரர்கள். தங்கதுரை ஓசூருக்கு வந்து பல வருஷம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். பிரஸ் என்றால் பேப்பர் அச்சடிப்பது இல்லை. தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வண்டிப் பாகமாக வெட்டிக் கொடுக்கிற மெஷின். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டுவதற்கு மூன்றாவது கை இல்லையே, அந்தக் கணக்கு. ஆனால் ஓட்டுகிற பையன்களுக்கு அவசரம். ஒரு பட்டனை அழுத்தி ஐஸ் குச்சியைச் சொருகிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை போதும், மற்றக் கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், உருப்படி கூடும், சூப்பர்வைசர் சிரிப்பார். தங்கதுரை மட்டும் குச்சியைத் தொடமாட்டார். கண்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு, வைத்தவனைத் தாயோடு சேர்த்துத் திட்டுவார். அதற்காகவே பாதுகாப்பு வாரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்திருந்தார்கள். ஜெயமணி அதில்தான் காப்பி ஊற்றித் தருவாள்.

செல்வினை ஊரிலிருந்து வரவழைத்து அதே கம்பெனியில் சேர்த்துவிட்டது அவர்தான். போன ஆடியில் ஒரு நாள், முந்தின ஷிஃப்டில் அந்த மெஷினை ஓட்டிய செல்வின், சொருகிய குச்சியை எடுக்காமல் போய்விட்டான். அடுத்து வந்தவர் தங்கதுரை. வந்ததும் பட்டனைப் பார்க்குமுன், சிக்கிக்கிடந்த ஒரு தகட்டை எடுக்க வலது கையை உள்ளே விட்டார். இடது முழங்கை போய் அடுத்த பட்டனில் பட்டது. கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். போகாமல் இருப்பேனா? செல்வின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"குச்சிய எடுக்க மறந்துபோச்சு அத்தான். தப்பு நடந்துபோச்சு."

தங்கதுரை கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவன் தலைமேல் வைத்தார். "விடுல மாப்ள. மன்னிச்சாச்சு. கம்பெனிக்காரன் வந்து கேட்டான், எப்படி நடந்துச்சுன்னு தெரியாதுன்னுட்டேன். உன் பேரு வரல. அழாத."

நர்ஸ் வரை கண்ணைத் துடைத்தார்கள். ஜெயமணி மட்டும் துடைக்கவில்லை. வெளியே வந்து காரிடாரில் என்னிடம் சொன்னாள்:

"நடந்துபோச்சாம்க்கா. மழை பெய்ஞ்சுபோச்சுங்கிற மாதிரி சொல்லுதான் பாருங்க. நான் செஞ்சேன்னு ஒரு வார்த்த வரல அவன் வாயில."

"அளுகைல எந்த வார்த்த வருதுன்னு யாரு பாக்கறா, உடு" என்றேன்.

"நான் பாத்தேன்" என்றாள்.

அதோடு நின்றிருந்தால் ஜெயமணியும் கொஞ்ச நாளில் இறங்கி வந்திருப்பாள். கூடப்பிறந்தவன், ஊரிலிருந்து வரும்போது கருப்பட்டியும் மஸ்கோத்து அல்வாவும் தூக்கி வருகிறவன். இன்னொன்று இருக்கிறது. அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்து லைனுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரே விஷயம் அது என்பதால், அதைச் சுமப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

தங்கதுரைக்குக் கட்டுப் பிரிக்கும் முன்னால், அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கேட்கலாம் என்று ஜெயமணி கம்பெனிக்குப் போனாள். துணைக்கு நான். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். டீ வந்தது.

"என்னம்மா செய்யறது? குச்சி சொருகாதீங்கன்னு தலை தலையா அடிச்சிக்கறோம். சீனியரே அப்படிப் பண்ணா?"

"அவிய வைக்கலியே சார்" என்றாள் ஜெயமணி.

"உங்க தம்பியே விசாரணையில சொல்லிட்டாரும்மா. நான் மெஷினை விட்டப்ப குச்சி இல்ல, அப்புறம் வந்தவர்தான் வெச்சிருக்கணும்னு. இப்ப தினமும் காலையில புதுப் பசங்களுக்கு மீட்டிங்ல உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் பாடம் நடத்தறோம், தங்கதுரை மாதிரி பண்ணாதீங்கன்னு. அப்படியாவது நாலு கை பொழைக்கட்டும்."

ஜெயமணி டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸைக் கழுவி வைக்க இடம் தேடினாள். அது அவள் பழக்கம். எங்கே குடித்தாலும் கழுவித்தான் வைப்பாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்தாள். அவள் கை முழுக்க முள் குத்திய தழும்பு. ரோஜாப் பண்ணையில் பூ வெட்டி, முள் உருவி, தண்டு நீளம் பார்த்துக் கட்டுக் கட்டுகிற வேலை அவளுக்கு.

"இவியளுக்குத் தெரியக்கூடாது. மெஷின்ல கை போனத மனுஷன் தாங்கிட்டாவ. இதத் தாங்க மாட்டாவ."

பிறகு அதே கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக, ஒரு காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். தங்கதுரை கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டார். பட்டன் போட்டுவிடுவது ஜெயமணி. இடது கையால் சோறு அள்ளக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். மற்றபடி சிரித்த முகம்.

"கேட்டுல போற புதுப் பயலுவ என் கையப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போவானுவக்கா" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "பாவம்னு பாக்குதானுவ. நல்ல பிள்ளைய."

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இந்தச் சித்திரையில் செல்வினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கவிப்ரியா. அப்பா கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பெண் ஓசூரிலேயே செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. "ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்காவ" என்று ஜெயமணி குழாயடியில் சொன்னதும், சென்னம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு, "அய்யோ, யாரும்மா போயிட்டது?" என்றாள். எங்கள் பக்கத்தில் ஓலை வந்தது என்றால் சாவுச் செய்திதான்.

"சாவு இல்லம்மா, கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிப்பாவ. தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாவ."

"யாராச்சியும் சொல்லுவாங்களா?"

"மொத பொண்டாட்டி இருந்தா அவ சொல்லுவா. வேற எதுனா இருந்தாலும் சொல்லலாம்" என்ற ஜெயமணி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். எங்களுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. முதல் ஓலை வாசித்தார்கள், சும்மா இருந்தாள். இரண்டாவதும் போயிற்று. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போட, அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம். மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாதாம். அதில் மட்டும் ரொம்பச் சுத்தம். சபை முழுக்கப் பார்த்தாயிற்று. பெண் வீட்டாரும் பார்த்தாயிற்று.

"ஏண்டி, அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணிச்சு? நீ எந்திரிச்சுக் கிந்திரிச்சுப் போடாத" என்று நான் கேட்டே விட்டேன்.

"அவ நல்லா இருக்கணும்னுதான் யோசிக்கேன். வேல வாங்கிக் குடுத்தவிய மேலயே பழியப் போட்டுட்டு நிக்கிற ஆளுன்னு தெரியாமலா அவ கழுத்த நீட்டணும்?"

"உம் புருஷனுக்குத் தெரிஞ்சிடுமே?"

இங்கேதான் மாட்டிக்கொண்டாள். தம்பி வாயைத் திறந்து செய்தேன் என்று சொல்லாமல் அவளால் மன்னிக்க முடியாது. அவன் வாயைத் திறந்தால் புருஷன் உடைந்துபோவார்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, "சாயங்காலம் ஐயர் வாராவ வீட்டுக்கு" என்றாள் ஜெயமணி.

சென்னம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கட்டிய லைனுக்கு ஐயர் வருவதாவது! வாசல் தெளித்து மாவுக் கோலம் போட்டாள். ரோஷன் பீயிடம், "இன்னிக்கி ஒரு நாளு கறி பேடம்மா, பேடா" என்று கன்னடத்தில் கெஞ்சினாள். சுவர்மேல் காயவைத்திருந்த என் கருவாட்டுக் கூடையைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்தாள். சாயங்காலம் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் மீசையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர். ஜெயமணி வாசலுக்கு வந்து, "வாங்க ஐயரே, வஞ்சிர மீன் கொழம்பு வச்சிருக்கேன்" என்றாள்.

"அய்யருக்கு மீனா!" என்று சென்னம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"இவிய எங்க சபை ஐயரும்மா. எங்க ஊர்ல பாதிரியார ஐயருன்னுதான் சொல்லுவோம்."

"அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா? மேல கருவாட்டைக் காக்கா தூக்கினு போயிடுச்சு!"

என் கருவாடு. அதைப் பற்றி இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஐயருக்குப் பின்னாலேயே செல்வின் வந்தான். இளைத்துப்போயிருந்தான். தங்கதுரை ஏற்கெனவே உள்ளே இருந்தார். இவர்கள் போனதும் கதவைச் சாத்தினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, கோடை மழை, ஆஸ்பெஸ்டாஸில் பட்டாணி வறுக்கிற மாதிரி. ஒன்றும் கேட்கவில்லை. சமையல் மேடைமேல் ஏறி, ஒரு கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு காதை இடைவெளியில் வைத்தேன். கீழே ரோஷன் பீ என் காலைப் பிடித்திருந்தாள்.

"தங்கதுரை அன்னைக்கே மன்னிச்சிட்டாரு. விரலு அவரோடது. நீ பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிம்மா?" ஐயரின் குரல்.

"வெரலு அவியளுது ஐயரே. அந்த வெரலு செஞ்ச வேலையெல்லாம் இப்பம் நான் செய்யுதேன். பட்டன் போடுதேன், தல துவட்டுதேன், செருப்பு மாட்டுதேன். அவிய மன்னிச்சது அவிய பங்கு. என் பங்குக்கு என்கிட்ட யாரு கேட்டா?"

"என்னாக்கா சொல்றாங்க?" என்று கீழிருந்து ரோஷன் பீ.

"இரு!"

"நியாயம்தான்" என்றார் ஐயர். "தம்பி, அக்காகிட்ட நேரா கேளு. நடந்துச்சு, ஆயிடுச்சுன்னு சொல்லாத. நீ என்னென்ன செஞ்சியோ அதை உன் வாயால சொல்லு. ஒண்ணையும் விடாம."

மழை கொஞ்சம் விட்டது. செல்வின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அக்கா... குச்சிய வச்சது நான். எடுக்காம போனதும் நான். அதுக்குப் பொறவு, வெசாரணைல நான்..."

"போதும்!" என்றாள் ஜெயமணி. தட்டு கீழே விழுந்த மாதிரி இருந்தது அந்தக் குரல். "போதும்ல. மன்னிச்சிட்டேன். எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன். ஐயரே, ஜெபம் பண்ணுங்க."

"அக்கா, நான் சொல்லி முடிக்கல..."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுதேன்ல! வாய மூடு!"

"ஸ்தோத்திரம்" என்றார் தங்கதுரை. ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். நான் கீழே இறங்கினேன். ரோஷன் பீ அப்போதுதான் என் காலை விட்டாள்.

"மன்னிச்சிட்டாங்களாக்கா?"

"வாயால சொன்னா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள். இவ்வளவு நாள் ஒரு வார்த்தைக்காகப் பிடிவாதம் பிடித்தவள், அந்த வார்த்தை வந்துவிடுமோ என்ற பயத்தில் மன்னித்திருக்கிறாள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

மறுநாள் நானும் சென்னம்மாளும் அவர்களுடைய கோயிலுக்குப் போனோம். கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டோம், யாரும் கூப்பிடவில்லை. ரோஷன் பீ, "வந்து அப்படியே சொல்லணும், ஒண்ணும் கொறைக்காம" என்று வழியனுப்பினாள். ராத்திரி மழையில் வாசலில் செருப்பெல்லாம் ஊறிக்கிடந்தன. தகரக் கூரை போட்ட ஹால். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் பெஞ்சில் ஜெயமணி. ஆண்கள் பக்கம் தங்கதுரை, வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். இரண்டு பெஞ்ச் தள்ளிச் செல்வின். முன்வரிசையில் கவிப்ரியா, அவள் அப்பா.

ஐயர் பேர் வாசித்தார். ஊர் வாசித்தார். "இது மூன்றாவதும் கடைசியுமான தரம். இவர்கள் இணைவதற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும்" என்றார்.

ஜெயமணியின் பின்கழுத்தில் வியர்வை ஓடியது. நேற்று மன்னித்துவிட்டாளே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அந்த மன்னிப்பு எந்த லட்சணத்தில் வந்தது என்பதும் எனக்குத் தெரியுமே.

"இவ முந்தானையப் புடிச்சுக்கோ" என்று சென்னம்மாள் என் விலாவில் இடித்தாள். பிடித்துக்கொண்டேன். ஜெயமணி அசையவில்லை.

எழுந்தது செல்வின்.

ஓலையில் பேர் வந்த மாப்பிள்ளையே எழுந்து நின்றால் என்ன செய்வது என்று ஐயருக்கும் தெரியவில்லை. புத்தகத்தை மூடினார்.

"தடை இல்ல ஐயரே. ஒண்ணு சொல்லணும். நேத்து எங்கக்கா சொல்ல விடல." அவன் தங்கதுரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "எங்கத்தான் கை போனது என்னால. அது அவியளுக்குத் தெரியும், மன்னிச்சிட்டாவ. தெரியாதது ஒண்ணு இருக்கு. அத்தான் என் பேரு வரக்கூடாதுன்னு தெரியாதுன்னு சொன்னாவ. நான் வெசாரணைல, என் ஷிஃப்டு முடியும்போது குச்சி இல்லன்னு சொன்னேன். பழி அத்தான் மேல போச்சு... போகல, நான் போட்டேன். தெனம் காலைல மீட்டிங்ல அத்தான் பேரச் சொல்லி, இந்தாள மாதிரி செய்யாதீங்கங்கான். நானும் அந்த வரிசைல நின்னு கேக்கேன்."

தங்கதுரை எழுந்தார். துண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. வெளியே போய்விட்டார். ஜெயமணி பின்னால் ஓடினாள். அவள் முந்தானை என் கையில் இருந்ததால் நானும் ஓட வேண்டியதாயிற்று.

வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்றார். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார், எது தன்னுடையது என்று தெரியாத மாதிரி.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பம் இருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கையிலயே. நான்தான் மறைச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க ஒருத்தராவது நிம்மதியாத் தூங்குனீக. அதையும் கெடுக்கணுமான்னுதான்."

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் நின்றது.

"கேட்டுல அந்தப் பயலுவ பாப்பானுவல்லா, ஜெயமணி. எரக்கப்படுதானுவன்னு நெனச்சேன். நானும் சிரிப்பேன். தெனமும் சிரிச்சேனே! குச்சி வச்ச கள்ளன்னு பாத்திருக்கான், நான் பல்லக் காட்டியிருக்கேன்."

ஜெயமணி அவர் தோளைத் தொடப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.

செல்வின் வந்தான். பின்னால் கவிப்ரியாவும் அவள் அப்பாவும்.

"அத்தான்..."

"இங்கன வந்து எதுக்குல சொன்ன?"

"கோயில்ல, கர்த்தர் முன்ன..."

"கர்த்தருக்கு முன்னமே தெரியும். தெரியாதவனுவகிட்ட போய்ச் சொல்லு. நாளைக்குக் காலைல, அந்த மீட்டிங்ல, அந்த வரிசைல நின்னு சொல்லு."

"வேலை போயிரும் அத்தான்."

"போவும்."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "கல்யாணத்தை வெச்சிக்கிட்டு... கொஞ்சம் பொறுத்து, பக்குவமா எழுதிக் குடுக்கலாம்..."

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள் கவிப்ரியா. செல்வினைப் பார்த்தாள். "வேலை போனா சிப்காட்ல வேற கேட்டே இல்லையா? சொல்லிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. சொல்லலேன்னா பண்ணாத."

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"சொன்னா மன்னிப்பியளா அத்தான்?" என்றான் செல்வின், சின்னப் பையன் மாதிரி.

"இதக் குடு, அதத் தாரேங்கிறதுக்கு இது என்ன சந்தையால?" என்றார் தங்கதுரை. கை போனபிறகு ஜெயமணி ஓட்டுகிற வண்டியில் பின்னால் ஏறிக்கொள்ளவில்லை. நடந்தே போனார். இவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. டிவிகூட இல்லை.

திங்கட்கிழமை ஜெயமணி ரோஜாப் பண்ணைக்குப் போகவில்லை. காலையில் தங்கதுரைக்குப் பட்டன் போட்டுவிட வந்தாள். அவரே பல்லால் கடித்து, இடது கையால் இழுத்து, இரண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவள் குழாயடியில் உட்கார்ந்து துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். ஃபோனைப் பாலிதீன் பையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். அடிக்கவில்லை. செல்வினை இவள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"சொல்லியிருப்பானா?" என்றேன்.

"தெரியலயேக்கா."

"சொல்லலேன்னா?"

"தெரியலயேக்கா!"

எங்களுக்கும் போக்கிடம் இல்லை. சாயங்காலம் தங்கதுரை வருகிற நேரத்துக்கு லைன் முழுக்கக் குழாயடியில் இருந்தது. சென்னம்மாள் எல்லோருக்கும் ஒரு சாக்கு இருக்கட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டிருந்தாள். மின்சாரக் கணக்குக்கு எங்களோடு சண்டை போடுகிறவள்.

தங்கதுரை வந்தார். வீட்டுக்குள் போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஜெயமணி கையில் பிழிந்த சேலையோடு நின்றாள்.

"சொன்னான்" என்றார்.

ரோஷன் பீ மூச்சு விட்டாள்.

"என்ன செஞ்சாவ?"

"சஸ்பெண்டு. திரும்ப வெசாரிப்பாங்களாம். மீட்டிங் முடிஞ்சு புதுப் பயலுவ ரெண்டு பேரு கேட்டுப் பக்கம் வந்தானுவ. ஒண்ணும் சொல்லல, தரையப் பாத்துட்டே போயிட்டானுவ." இடது கையால் கல்லில் ஒட்டிய சோப்பைச் சுரண்டினார். "பொறவு இவன் வந்தான், வெளிய போக. நான்தான டூட்டில. பையத் தெறந்து காட்டுனான். எல்லார் பையையும் பாக்குத மாதிரி பாத்தேன். சோத்து டப்பா அப்படியே இருந்துச்சு, தொடல. சாப்புட்டுட்டுப் போலன்னேன். கேட்டு ரூம்ல உக்காந்து சாப்புட்டான்."

"நீங்க?"

"நான் வெளிய லாரி பாத்துட்டு நின்னேன். அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியல."

ஜெயமணி சேலையை உதறினாள். உதறிய சேலையைக் கொடியில் போடாமல் மறுபடி கையில் சுற்றிக்கொண்டாள். "அப்பம் அவன மன்னிச்சிட்டீகளா?"

தங்கதுரை யோசித்தார். ஆஸ்பத்திரியில் யோசிக்கவே இல்லை அந்த மனுஷன்.

"இன்னைக்கு மன்னிச்சிருக்கேன். நாளைக்குக் காலைல எந்திரிச்சு இந்தக் கையப் பாப்பேன்லா. அப்பம் மறுபடியும் முதல்ல இருந்துதான்."

மேலே தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. சென்னம்மாள்கூட மோட்டாரை நிறுத்த எழுந்திருக்கவில்லை.

"என்னைய?" என்றாள் ஜெயமணி. தட்டுக்கூட இல்லை இப்போது, வெறும் காற்றுதான் வந்தது.

தங்கதுரை முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"நீ முதல்ல சோத்தப் போடு" என்றார்.